கை மாற்றித் தைத்த சட்டை

உக்குவளையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருவை நிறைக்கும் வெள்ளைச் சீருடைகளில் பாதி நான் தைத்தவை. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் என் மகள் எது என்று வாசலில் நின்று தேடிக் களைத்துப்போவதும் நான்தான் என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே காலர், ஒரே மடிப்பு, ஒரே ரிபன். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டித் தைத்தவளும் நானே, "ஐயோ, எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று வயிறெரிந்தவளும் நானே. (ஒரு மனுஷிக்கு இரண்டு மூளை இருந்தால் இப்படித்தான். அவசரத்துக்கு இரண்டும் வேலை செய்யாது.)

என் மகள் பெயர் மெலனி. இப்போது உயர்தரம் படிக்கிறாள், என்னைவிட உயரம். நான் சொல்லப்போவது அவள் நான்காம் தரத்தில் இருந்தபோது நடந்தது. அந்தக் காலத்தில் பிள்ளை வளர்ப்பில் நான் பெரிய நிபுணி. ஃபோனில் வரும் கட்டுரைகள் ஒன்றையும் விடமாட்டேன். 'உங்கள் பிள்ளை தனித்துவமானவள், அவளை மந்தையில் ஒருத்தியாக்காதீர்கள்' என்று யாராவது எழுதியிருந்தால், மெலனியை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்று நம்புவேன். என் வீட்டுக்காரர் சேவியர் கலேவெலயிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கட்டுரையை வாசித்துக் காட்டுவேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிதான், கொழம்புல உப்பு இல்ல" என்பார்.

மெலனி இடது கைக்காரி. நானும்தான், அதாவது பிறக்கும்போது. எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். அங்கே ஒரு டீச்சர் என் இடது கை பென்சிலைத் தொட்டாலே விரல் முட்டியில் அடிக்க அடிமட்டத்தைத் தேடுவார். அவர் என்னைக் கூப்பிடுவது 'பீச்சாங்கை' என்றுதான். அவர் கூப்பிட்டால் வகுப்பு சும்மா இருக்குமா? தோட்டத்து லயன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் என் பெயர் மறந்தே போனது. கடைசியில் நான் வலது கைக்கு மாறினேன். இன்றைக்கும் கத்தரிக்கோலை வலது கையில்தான் பிடிக்கிறேன். அது இன்னும் முழுதாகப் பழகவில்லை என்பது என் பெருவிரலுக்குத் தெரியும். அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டிருந்தேன். இடது கை, வலது கை, அவ்வளவுதான். ஒருமுறை என் கொழுந்தன் வாய் தவறிச் சொல்லிவிட்டான், அன்றைக்கு அவனுக்குத் தேத்தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

மெலனி முதலாம் தரத்தில் இருந்தபோது ஒரு மிஸ் அவள் பென்சிலை வலது கைக்கு மாற்றினார். மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். கத்தினேன், அழுதேன், என் விரல் முட்டிகளைக் காட்டினேன். மெலனி இடது கையாலேயே எழுதலாம் என்று ஆனது. அது சரியான சண்டை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒரு தடவை ஜெயித்தவளுக்கு அதில் ருசி பிடித்துவிடும். பிறகு சித்திரப் பாடத்தில் மலைக்கு ஊதா நிறம் பூசியதற்கு மார்க் குறைத்தார்கள் என்று போனேன். காலைக் கூட்டத்தில் வரிசையில் நின்று பாட்டு முணுமுணுத்தாள் என்று கண்டித்ததற்குப் போனேன். ஒரு கட்டத்தில் நான் கேட்டைத் தாண்டுவதைக் கண்டாலே பள்ளிக்கூட அதிபருக்கு அவசரமாக எங்கேயோ போக வேண்டியிருந்தது.

மெலனி ஒரு நாள் கேட்டாள். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா நீங்க ஸ்கூலுக்கு வருவீங்களா?"

"கட்டாயம் வருவேன்டா தங்கம்!"

"அப்ப ஒண்ணும் இல்ல."

பிள்ளை தன் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொள்கிறாள், என்ன தைரியம் என்று பூரித்துப்போனேன். அன்று இரவு அதையும் சேவியரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உப்பு பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டியில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு டிரில் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஸ்போர்ட்ஸ் மீட் என்றால் ஓட்டமும் பாய்ச்சலும் இரண்டாம் பட்சம். தாய் தகப்பன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவது டிரில் பார்க்கத்தான். அதற்கு உடுப்புத் தைக்கும் வேலை என்னிடம் வந்தது. டிரில் பழக்கிய சுகந்தி மிஸ், வேலைக்கு வந்து அதிக நாளாகாத இளம் பெண், வீட்டுக்கே வந்து படம் வரைந்து விளக்கினார். முழுக்க வெள்ளை உடுப்பு. வலது கையில் மட்டும் அகலமான இறக்கை மாதிரி ஒரு துணி, அதன் உட்பக்கம் மஞ்சள். கையைத் தொங்கப் போட்டால் வெள்ளைதான் தெரியும். தூக்கினால் மஞ்சள் விரியும்.

"எல்லாரும் ஒரே நேரத்துல வலது கையத் தூக்கி, வலது பக்கம் ஒரு அடி வைப்பாங்கக்கா. அப்ப கிரவுண்டே மஞ்சளாயிரும்" என்றார் மிஸ். சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

எனக்கு மஞ்சள் தெரியவில்லை. 'வலது' என்ற சொல் மட்டும்தான் கேட்டது.

"எம் மக எடது கைக்காரி மிஸ்."

"தெரியும்க்கா. ஆனா வலது கையாலயே நல்லாச் செய்றா."

"செய்ய வச்சுட்டீங்களாக்கும்?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. அவளாவே வந்து..."

நான் அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை. என் முட்டிகளை எடுத்து நீட்டினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, ஃபோனில் வாசித்த கட்டுரைகள் வரைக்கும் ஒரு சுற்று வந்தேன். மிஸ் ஆறிப்போன பிளேன்டிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "டிரில்னா எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்க்கா. ஒரு பிள்ள மாறினா நடுவுல ஓட்ட விழுந்த மாதிரித் தெரியும்" என்று மெதுவாகச் சொன்னார்.

ஓட்டை! என் பிள்ளை ஓட்டையா! "சரி மிஸ், நீங்க சொல்ற மாதிரியே தச்சுத் தாறேன்" என்று சிரித்தபடி அனுப்பிவைத்தேன். நான் சிரித்தபடி ஒன்றை ஒத்துக்கொண்டால் அதில் வில்லங்கம் இருக்கிறது என்பது சேவியருக்குத் தெரியும். பாவம், மிஸ்ஸுக்குத் தெரியாது.

மிஸ் முடிக்காமல் விட்டதன் மீதி எனக்குப் பிறகுதான் கிடைத்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். டிரிலில் முதல் வரிசை நடுவில் ஒரு பிள்ளை நிற்கும். அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் பின்னால் நிற்கும் சின்னதுகள் கையையும் காலையும் அசைக்கும். அந்த இடத்துக்கு மெலனியைத் தெரிவு செய்திருந்தார்கள். இடது கையால் செய்ய விருப்பமென்றால் வேறு இடம் தருகிறேன் என்று மிஸ் அவளிடம் கேட்டிருக்கிறார். "இல்ல மிஸ், எனக்கு முன்னுக்குத்தான் நிக்கணும். நான் வலது கைய பழக்கிக்கிறேன்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். சொன்ன மாதிரியே வீட்டுக்குப் பின்னால், உடுப்புத் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று தினமும் பழகினாள். நான் தையல் மெசினில் இருந்தபடி ஜன்னலால் பார்த்தேன். காகம் விரட்டுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் கவனம். தனித்துவம் பற்றிப் படித்துக்கொண்டே இருந்ததில் பிள்ளையைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாரும் எதிலும் முன்னுக்கு நின்றதில்லை. அவள் அந்த இடத்துக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும், ஹம்னாவுக்கும், ஹம்னாவின் உம்மாவுக்கும், ஸ்கூல் வேன்காரருக்கும்கூடத் தெரிந்திருந்தது. ஹம்னா அவளுடைய உயிர்த் தோழி, டிரிலில் அவளுக்கு இடது பக்கம் நிற்பவள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் ஸ்கூலுக்குப் போவேனே!

எல்லா உடுப்பையும் தைத்து முடித்துவிட்டு மெலனியுடையதைக் கடைசியாக எடுத்தேன். மஞ்சள் இறக்கையை இடது கையில் வைத்தேன். போட்டி நடக்கும் அன்று நேரே கையில் கொடுத்துவிட்டால் மாற்றுவதற்கு அவகாசம் இருக்காது, பிள்ளை தன் சொந்தக் கையை ஊரறியத் தூக்குவாள், நானும் கண் கலங்குவேன். இதுதான் திட்டம். அதில் நான் கண் கலங்கும் பகுதி மட்டும் பிசகாமல் நடந்தது.

மைதானத்தில் அன்று நல்ல வெயில். தகரக் கூரை போட்ட மேடையில் கதிரைகள், நடுவில் பெரிய கதிரையில் பிரதம விருந்தினர், மாத்தளையிலிருந்து வந்த ஒரு சிங்கள அதிகாரி. மைக்கைப் பிடித்திருந்தவர் தமிழ் படிப்பிக்கும் வாத்தியார், எல்லாருக்கும் 'சேர்'. அவர் வர்ணனையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுதியதை வாசிக்கும்போது அவர் தலை நிமிர்வதே இல்லை. நான் பெற்றோருக்குப் போட்ட கயிற்றுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நின்றேன்.

டிரில் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மெலனி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, இது கை மாறி இருக்கு."

"மாறல்ல தங்கம். சரியாத்தான் இருக்கு. நீ எடது கையத் தூக்கு."

"எல்லாரும் வலது கையம்மா!"

"நீ எல்லாரும் இல்ல."

(இந்த வசனத்தை நான் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் சொல்லும்போது எனக்கே புல்லரித்தது.)

அவளுக்குப் புல்லரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு மட்டும் நான் எல்லாரையும் மாதிரி இருக்கிறேனே. ப்ளீஸ்ம்மா" என்றாள். நான் குனிந்து அவள் ரிபனைச் சரி செய்தேன். அவளுக்கு நான் கொடுத்த பதில் அது. விசில் ஊதியது. அவள் ஓடினாள்.

பேண்ட் முழங்கியது. பிள்ளைகள் வரிசையாக வந்து மைதானத்தை நிறைத்தார்கள். முதல் வரிசை நடுவில் வந்து நின்றது மெலனி. முன்னுக்கு நிற்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். ஏன் நிற்கிறாள் என்று யோசிக்க ஒரு நிமிடம் இருந்தது. யோசித்திருக்கலாம். பக்கத்தில் நின்றவரிடம் "அது எம் மக" என்று சொல்வதற்கு அதைச் செலவழித்தேன்.

"இதோ! மலையக மண்ணிலே மலர்கிறது ஒரு மஞ்சள் வானம்!" என்றார் மைக்கில் சேர்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மைதானம் மஞ்சளானது. மிஸ் சொன்னது உண்மை, அப்படி ஓர் அழகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மெலனியும் கையைத் தூக்கினாள், பழகியபடி வலது கையை. அது வெறும் வெள்ளையாக நின்றது. அத்தனை மஞ்சளுக்கு நடுவில், எல்லார் கண்ணும் முதலில் போகும் இடத்தில், ஓட்டை.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா கேட்டார். "நடுவுல நிக்கிற புள்ளைக்கு என்னங்க, துணி பத்தலயா?"

இன்னொருவர் சொன்னார். "தச்சவங்க மறந்திருப்பாங்க. யாருங்க தச்சது?"

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பிள்ளையின் தனித்துவம் ஞாபகம் இல்லை. அடிமட்டம் ஞாபகம் இல்லை. என் தையலுக்குக் கெட்ட பெயர் வரப்போகிறது என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அடுத்த ஜனவரிச் சீருடை ஓடர் முழுவதும் என் கண்முன்னே வேறு தையல்காரியின் வீட்டுக்கு நடந்து போனது. கயிற்றுக்கு வெளியே முக்கால்வாசி உடம்பை நீட்டி நான் கத்தினேன். என்னுடையது தோட்டத்துக் குரல், ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் திரும்பிப் பார்ப்பார்கள். அவசரத்தில் என் வாயில் வந்தது 'இடது கை' இல்லை.

"மெலனீ! பீச்சாங்கை! பீச்சாங்கையத் தூக்குடீ!"

பேண்டுக்கு மேலே அது மைதானம் முழுவதும் கேட்டது. மெலனி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. வலது கையை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினாள். மஞ்சள் விரிந்தது. இடது பக்கம் ஓர் அடி வைத்தாள். அங்கே ஹம்னா, அடுத்த தாளத்துக்குப் பழகியபடி வலது பக்கம் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள். மெலனியின் கை ஹம்னாவின் வாயில் பட்டது.

பின்னால் இருந்த சின்னதுகளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. முன்னால் நிற்கும் அக்கா செய்வதைச் செய். பாதிப் பேர் அக்காவைப் பார்த்து இடது கையைத் தூக்கி இடது பக்கம் போனார்கள். மீதிப் பாதி பழகியதை மறக்காமல் வலது பக்கம் வந்தார்கள். வேறு சிலர் யாரோ பெரியவர் கத்துகிறாரே என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார்கள். என் மகள் யாரையும் போல் இருக்கக் கூடாது என்று நான் பட்ட பாட்டுக்கு, கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடமே என் மகளைப் போல் ஆகியிருந்தது. ஒருவர் மேல் ஒருவர் மோதினார்கள். மூன்றாவது வரிசை உட்கார்ந்தது. ஒரு பையன் தன் இறக்கையில் தானே சுற்றிக்கொண்டு வழி தெரியாமல் மேடைப் பக்கம் நடந்தான்.

"ஒரே மனம்! ஒரே அசைவு! ஒரே உயிர்! காணக் கண் கோடி வேண்டும்!" என்று சேர் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார்.

பிரதம விருந்தினர் இது விகட நிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும். "ஹரி ஷோக்!" என்று சிங்களத்தில் பாராட்டி, முழங்காலில் தட்டிச் சிரித்துக் கைதட்டினார். அவர் தட்டினால் மேடை தட்ட வேண்டும். மேடை தட்டினால் மைதானம் தட்ட வேண்டும். பேண்ட் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. பெரிய மேளம் அடித்த பிள்ளைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்குக் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தது.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். ஹம்னாவின் வாயில் இரத்தம். அவளுடைய உம்மாவும் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். அவர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஆடிக்கிட்டிருந்த பல்லுதான். ரெண்டு நாளா இழுக்க விடாம அழுதா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க தண்ணி குடிங்க முதல்ல" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் மேல் வகுப்புப் பையன்கள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் தொடங்கினான், மற்றவர்கள் தாளம் போட்டார்கள். "பீச்-சாங்-கை! பீச்-சாங்-கை!" நான் எந்தச் சொல்லை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருந்தேனோ, அதை என் மகளுக்கு நானே ஊரைக் கூட்டிப் பெயராக வைத்துவிட்டேன். எனக்கு அந்தப் பெயரை வைத்த டீச்சராவது நாலு சுவருக்குள் வைத்தார்.

மெலனி அழவில்லை. அதே இடத்திலேயே நின்றாள், இடது கை மட்டும் இன்னும் மேலே. இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. சுகந்தி மிஸ் வந்து அவள் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்.

டிரிலைத் திரும்பச் செய்தார்கள். நடுவில் வேறு பிள்ளையை நிறுத்தினார்கள். மெலனியை நிறுத்த முடியாது, அவள் உடுப்பில் மஞ்சள் தப்பான கையில் இருந்தது. அவளும் ஹம்னாவும் தண்ணீர் பீப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், ஹம்னா வாயில் பஞ்சோடு. இந்தத் தடவை ஒரு பிசகும் இல்லை. நான் தைத்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விரிந்தன. எனக்குப் பின்னால் நின்ற அம்மா, "தையல் அருமைங்க" என்றார். ஜனவரி ஓடர் தப்பியது. அந்த நிமிடம் அந்த ஓடரைக் கொண்டுபோய் மகாவலி ஆற்றில் போட்டுவிடலாம் போல் இருந்தது.

சாயங்காலம் மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோதுதான் அவர் விட்ட வாக்கியத்தின் மீதியைச் சொன்னார். குற்றம் சாட்டவில்லை, சொன்னார், அவ்வளவுதான். "அவளாவே வந்து கேட்டாக்கா. எனக்கு அந்த இடம் தாங்க மிஸ்னு கேட்டா" என்றார். முதலாம் தரத்து மிஸ் அவள் கையைக் கேட்காமல் மாற்றினார் என்று சண்டைக்குப் போனவள் நான். நானும் கேட்கவில்லை.

வீட்டுக்குத் த்ரீவீலில் வந்தோம். "மன்னிச்சிக்கோடா தங்கம்" என்றேன். "பரவாயில்லம்மா" என்றாள். பெரியவர்கள் சொல்கிற மாதிரிச் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வெளியே பார்த்தபடி, "இனிமே எனக்கு நீங்க தைக்காதீங்கம்மா" என்றாள்.

சின்னப் பிள்ளை, நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. அடுத்த வருட டிரிலுக்கு அவள் சேரவில்லை. தண்ணீர்ப் போத்தல் கொடுக்கும் பிள்ளைகளோடு நின்றாள். மாத்தளைப் பள்ளிக்கூடத்துக்கு மாறும்வரை அந்தப் பெயர் அவள் பின்னால் திரிந்தது. உக்குவளைக்கே தைக்கிறேன், என் மகள் மட்டும் டவுன் கடையில் தைத்த உடுப்புப் போடுகிறாள். நத்தார்ப் பண்டிகைக்கும் அப்படித்தான், கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கும் அப்படித்தான். முதல் நன்மைக்கு வாங்கி வந்த வெள்ளைக் கவுனில் கழுத்துத் தையல் கோணல். பூசை முழுவதும் நான் ஆண்டவரைப் பார்க்கவில்லை, அந்தக் கோணலைத்தான் பார்த்தேன்.

சேவியர் லேசில் விடுகிற ஆள் இல்லை. கரண்ட் பில் தப்பாக வந்தாலும் சரி, கோயில் கூட்டத்தில் யாராவது ஏதாவது சொன்னாலும் சரி, நான் "இருங்க, நான் போய்ப் பேசுறேன்" என்று எழும்பினால் போதும், சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளும் ஒன்றும் பேசாமல் கையைத் தூக்குவார்கள், அவர் வலது, அவள் இடது. நான் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கும் இது பரவிவிட்டது. போன பண்டிகையில் என் கொழுந்தனின் கடைக்குட்டி, விஷயமே தெரியாமல், என்னைக் கண்டதும் கையைத் தூக்கியது. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். மெலனிதான் எல்லாரையும்விட நன்றாகச் சிரிப்பாள். அவள் எப்போது சிரிக்கத் தொடங்கினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. நடுவில் சில வருடங்கள் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குப் பிரியாவிடை. எல்லாரும் ஒரே நிறச் சாரி. சாரி ஜாக்கெட்டை மாத்தளையில் ஒரு தையல்காரியிடம் தைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு கதவைத் திறந்து, "அம்மா, இங்க கொஞ்சம் வாங்க. கை இறுக்குது" என்றாள்.

அவசரமாகப் போனதில் செருப்பு ஒன்று கழன்று வழியில் கிடந்தது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எந்தப் பிள்ளையிடமும் சொல்கிற மாதிரி, "எங்க, கையத் தூக்கு பாப்போம்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. வெளியே சேவியர் பேப்பரை மடிக்கும் சத்தம்.

"எந்தக் கையம்மா?" என்றாள் மெலனி. முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நீ சொல்லும்மா" என்றேன்.

இடது கையைத் தூக்கினாள். அக்குளுக்குக் கீழே துணி இழுத்துப் பிடித்தது. முதுகுப் பக்கமும் சரியில்லை, கழுத்தும் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும், விளிம்பில் நான் என்றால் மெல்லிய ஒரு கரை வைத்திருப்பேன். எல்லாம் கண்ணில் பட்டது. அவளுக்கும் என் கண் போன வழி தெரிந்தது.

"இந்த இடம் மட்டும்மா. வேற ஒண்ணும் செஞ்சிராதீங்க."

அந்த இடம் மட்டும்தான் பிரித்தேன்.